கடலோரத் தொழிலிடங்களில் தொழிலாளரின் உடல்நலம்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிநோக்கம், மாரியூர் உப்பளங்களில் தொடங்கி, ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம், பாம்பன் வழியாக வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரை நீளும் நமது கரையில், பத்துப் பேரோ இருபது பேரோ வேலை செய்யும் சிறு தொழிலிடங்களே மிகுதி. கருவாட்டு வாடி, இறால் உரிக்கும் கூடம், நண்டுக் கம்பெனி, ஐஸ் கம்பெனி, படகு பழுதுபார்க்கும் பட்டறை ஆகியவற்றை நடத்துவோர் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். இறால், நண்டுக் கூடங்களில் 14 ஆண்டுகள் மேற்பார்வையாளனாக இருந்தவன். ஆகவே நோய்க்கு மருந்து என்ன என்பதை இங்கே தேட வேண்டாம். வேலையிடத்தை எப்படி அமைத்தால் உடம்பு கெடாமல் இருக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என்னிடம் பன்னிரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள். பெரிய செலவு செய்ய இயலாது. எதிலிருந்து தொடங்குவது?

தண்ணீர், நிழல், கழிப்பறை, உட்கார ஓர் இடம் ஆகிய நான்கிலிருந்து தொடங்குங்கள். மருத்துவ முகாம் நடத்துவதும், சுவரில் விழிப்புணர்வுப் படம் ஒட்டுவதும் பிறகு வரட்டும். இந்த நான்கும் இல்லாத இடத்தில் முகாம் நடத்தினால், வரும் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள், அவ்வப்போது ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். சொன்னதைச் செய்ய அவர்களுக்கு வழி இருக்காது.

குடத்தில் தண்ணீர் வைக்கிறோம். பெண்கள் குடிப்பதே இல்லை. சோம்பலா, பழக்கமின்மையா?

இரண்டும் இல்லை. கழிப்பறை இல்லாததால்தான் குடிப்பதில்லை.

எனக்கே இது புரிய நான்கு ஆண்டுகள் ஆயின. நான் முதலில் வேலை செய்த கூடத்தில் பெண்கள் காலை 7 மணிக்கு வந்து உட்கார்ந்தால் பிற்பகல் 2 மணிக்கு எழுவார்கள். இடையில் ஒரு டம்ளர் தேநீருக்கு மேல் எதுவும் தொடமாட்டார்கள். கழிப்பறை ஒன்று இருந்தது, ஆனால் அது ஆண்கள் ஐஸ் உடைக்கும் இடத்தைத் தாண்டி இருந்தது, கதவுக்கு உள்தாழ்ப்பாளும் இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தார்கள். அதை வெயில் சூடு என்றே நாங்கள் எழுதிவைத்தோம். மூத்த பணியாளர் ஒருவர் ஒருநாள், "தண்ணியக் குடிச்சிட்டு எங்க தம்பி போறது?" என்று கேட்ட பிறகுதான் வாசலைப் பின்பக்கம் மாற்றினோம். உள்தாழ்ப்பாள், ஒரு வாளி, ஒரு பல்பு, மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்று, செலவு அவ்வளவுதான். குடம் அன்றிலிருந்து மாலைக்குள் காலியாகத் தொடங்கியது.

சிறுநீரை நீண்டநேரம் அடக்குவதும், அதற்காகவே தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் வழிவகுக்கும். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, தொழிற்சாலை விதிகள் நெடுங்காலமாக 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று கணக்கிட்டு வந்துள்ளன. அளவு அதுவாக இருக்கட்டும். ஆனால் எண்ணிக்கையைவிட, அது எங்கே இருக்கிறது, அங்கே தண்ணீர் இருக்கிறதா, போகும்போது யார் பார்க்கிறார்கள் என்பவையே அது பயன்படுமா என்பதை முடிவு செய்கின்றன.

உப்பளம் போன்ற திறந்த வெளியில் நிலையான கட்டடத்துக்கு இடமில்லை என்றால், சக்கரம் வைத்த கழிப்பறையைப் பாத்திகளின் ஓரத்தில் நிறுத்தலாம். ஆனால் கழிப்பறை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அது இல்லாததற்குச் சமம் என்றே கருதுங்கள்.

நமது பகுதியில் குடிநீரே விலைக்குத்தானே வாங்குகிறோம்?

உண்மைதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் எட்டாத ஊர்களில் பெண்கள் தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடங்களை அடுக்கிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டுக்குத் தண்ணீர் இழுத்துவிட்டு வேலைக்கு வருபவரிடம், "குடிக்கத் தண்ணீர் கொண்டுவா" என்று சொல்வது நியாயமன்று. வெயிலில் வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 முதல் 8 லிட்டர் வரை கணக்கிடுங்கள். இருபது பேருக்கு 160 லிட்டர், அதாவது எட்டு கேன். ஐஸுக்கும் டீசலுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

வெயில் காலத்தில் வேலையை எப்படி ஒழுங்குசெய்ய வேண்டும்?

கடற்காற்று அடிப்பதால் இங்கே வெயில் தாக்காது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மதுரையைவிட இங்கே வெப்பநிலை சில பாகை குறைவாகவே காட்டும் என்றாலும், காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது உலராமல் வழிந்தோடும். தண்ணீரும் உப்பும் போகின்றன, சூடு மட்டும் உள்ளேயே நிற்கிறது. காற்றும் விழுந்துவிட்ட பிற்பகலில் தகரக் கூரைக்குக் கீழே கருவாடு கட்டுபவர், வெளியே நிற்பவரைவிட மோசமான நிலையில் இருக்கலாம்.

தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பைத் தாண்டிய சூழலில் வேலை செய்வது தெரியவந்தது. 100க்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. மயங்கி விழுவது கண்ணில் படும்; சிறுநீரகம் மெல்லக் கெடுவது படாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததையும் நினைவில் கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது, நேரம். உப்பு வாருதல், சுமை ஏற்றுதல் போன்ற கடினமான வேலையை விடியற்காலையில் தொடங்கி 11 மணிக்குள் முடித்து, மீதியை மாலை 4 மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உப்பளத்தில் பழைய ஆட்கள் இதைத்தான் செய்துவந்தார்கள். லாரி வரும் நேரத்துக்கு ஏற்ப நாம்தான் அதை மாற்றினோம். இரண்டாவது, குடிக்கும் முறை. தாகம் எடுத்த பிறகு ஒரேயடியாக ஒரு செம்பு குடிப்பதைவிட, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிப்பது நல்லது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது, ஏனெனில் அளவுக்கு மீறிய தண்ணீர் இரத்தத்தில் உப்பைக் குறைத்துவிடும்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள்: புதியவர்களைப் பழக்குவது. வெயிலில் விழுபவர்களில் பலர் முதல் சில நாட்களிலேயே விழுகிறார்கள். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயில் வேலை கொடுத்து, ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு கூட்டுவது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. உடம்பு முழுமையாகப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். ஊர்த் திருவிழாவுக்கோ காய்ச்சலுக்கோ பத்து நாள் விடுப்பில் போய்த் திரும்பிய பழைய ஆளும் இந்தக் கணக்கில் பாதிப் புதியவரே. வெளிமாநிலத்திலிருந்து வந்து இறங்கிய மறுநாளே முழு வேலையில் நிறுத்தப்படும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் அச்சமாகவே இருக்கும். மொழி தெரியாததால் தலை சுற்றுவதைக்கூட அவர்கள் சொல்வதில்லை.

மோர், பதனீர், சோடா, பாக்கெட்டில் வரும் உப்புச்சர்க்கரைக் கரைசல்: எது நல்லது?

வெறும் தண்ணீரோடு நீர்மோரும் நீராகாரமும் அன்றாடத்துக்குப் போதுமானவை. சாயல்குடிப் பக்கம் பருவத்தில் கிடைக்கும் பதனீரும் நுங்கும் நல்லவைதாம், எனினும் பதனீரில் சர்க்கரை உண்டு என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது. கரைசல் பாக்கெட்டை அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுவதுமாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பது கெடுதல். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் கரைசலை மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். சோடாவும் குளிர்பானமும் தண்ணீருக்கு மாற்று ஆகமாட்டா.

வெயிலில் ஒருவர் விழுந்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாமா?

108க்கு உடனே சொல்லுங்கள். வண்டி வரும் வரை குளிர வையுங்கள். உளறல், தடுமாற்றம், வலிப்பு, நினைவிழப்பு, தொட்டால் கொதிக்கும் உடம்பு ஆகியவை வெப்பத்தாக்கின் அடையாளங்கள். வியர்வை இருப்பதால் அது வெப்பத்தாக்கு அன்று என்று எண்ண வேண்டாம். முதல் அரை மணிக்குள் உடம்புச் சூட்டைக் குறைப்பதில்தான் உயிர் இருக்கிறது.

நமது கரையில் ஒரு வசதி உண்டு: எங்கு திரும்பினாலும் ஐஸ். மீன் போடும் பெரிய தொட்டியில் தண்ணீரும் ஐஸும் நிரப்பி, தலை மேலே இருக்குமாறு ஒருவர் பிடித்துக்கொள்ள, கழுத்துவரை அமிழ்த்தலாம். தொட்டி இல்லையென்றால் துணியை ஐஸ் தண்ணீரில் நனைத்து உடம்பெங்கும் போர்த்தி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

எங்களுடையது கிலோக் கணக்குக் கூலி. ஓய்வெடுக்கச் சொன்னாலும் அவர்களே எடுப்பதில்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ இறால் உரிக்க 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3 கிலோ உரிப்பவருக்கு 60 ரூபாய். மணிக்கு 5 நிமிடம் எழுந்து நின்று, தண்ணீர் குடித்து, கையை நீட்டி மடக்கினால் அவருக்கு 5 ரூபாய் போகிறது. 8 மணி நேரத்தில் 40 ரூபாய். "ஓய்வெடுத்துக்கொள்" என்று நீங்கள் சொல்வது, "இன்றைக்கு 40 ரூபாயை என்னிடம் விட்டுவிட்டுப் போ" என்று சொல்வதற்கு ஒப்பாகும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர் அதை ஏன் கேட்கப்போகிறார்?

கிலோக் கூலி இருக்கும் வரை, ஓய்வின் விலையைத் தொழிலாளி கட்டுகிறார். அதை உரிமையாளர் ஏற்றுக்கொண்டால்தான் ஓய்வு நடக்கும். இரண்டு வழிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, கூலியை 20இலிருந்து 22 ஆக்கி, மணிக்கு ஐந்து நிமிடம் மணியடித்து எல்லோரையும் எழுப்புவது. மற்றொன்று, கிலோக் கணக்கோடு நாளுக்கு ஒரு நிலையான தொகையைச் சேர்ப்பது. முதல் வழியே எனக்குப் பிடித்தது, மணியடித்ததும் எல்லோரும் எழுவதால், "அவள் உரிக்கிறாள், நான் மட்டும் நிற்பதா?" என்ற எண்ணம் எழுவதில்லை. நான் இருந்த கூடத்தில் இதைத் தொடங்கிய பிறகு, பிற்பகலில் ஓடு ஒட்டிய இறாலும் கத்திக் காயமும் குறைந்தன. உரிமையாளர் முதல் மாதம் முகத்தைச் சுளித்தார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

உடல்நலத்துக்கென்று நாம் போடும் திட்டங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைச் சுற்றிக்கொண்டு போகின்றன என்பது என் கருத்து. கூலி முறையைத் தொடாமல் முதுகுவலியைத் தொட முடியாது.

இறால், நண்டு வேலையில் கை விரல்கள் வெடித்து, நகக்கண் வீங்குகிறது. கையுறை கொடுத்தாலும் கழற்றிவிடுகிறார்கள்.

ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே தோல் அழற்சிக்கு வாய்ப்பு உண்டு என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். நமது பெண்களின் கை 7 மணி நேரம் ஐஸ் தண்ணீரில் இருக்கிறது. அதோடு குளோரின் கலந்த தண்ணீர், இறால் ஓட்டின் முள், மீன் சாறு ஆகியனவும் சேர்கின்றன.

கையுறையைக் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. ஆண் கைக்கு ஏற்ற பெரிய அளவை வாங்கிக் கொடுத்தால் விரல்நுனியில் பிடி கிடைக்காது. வேகம் குறைந்தால் கூலி குறையும். சிறிய, நடுத்தர அளவுகளையும் வாங்குங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணிந்தால் வியர்வையை உறிஞ்சும். உள்ளே ஈரம் புகுந்த ரப்பர் கையுறை, கையுறை இல்லாததைவிடக் கெடுதல் என்பதால் நாளுக்கு இரண்டு மாற்று வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாசலைன் அல்லது தேங்காய் எண்ணெய் தடவ ஐந்து நிமிடம் கொடுங்கள், அதுவும் கூலி நேரத்துக்குள்.

மீன் முள்ளும் நண்டுக் கொடுக்கும் குத்திய காயத்தைச் சிறியது என்று விட்டுவிட வேண்டாம். மீனிலும் கடல்நீரிலும் உள்ள சில கிருமிகள் அந்தக் காயத்தின் வழியே தோலுக்குள் புகுந்து, விரைவாகப் பரவும். கல்லீரல் நோயோ நீரிழிவோ உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். சிவந்த வீக்கம் சில மணி நேரத்தில் பரவினால், கொப்புளம் எழுந்தால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று பதிவேட்டில் ஒரு கட்டம் வைத்துக் குறித்துக்கொள்ளலாம்.

நண்டு வேகவைக்கும் அறையில் இருப்பவர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வருகிறது. சளிதானே?

விடுமுறை நாட்களில் குறைந்து, வேலைக்கு வந்ததும் கூடுகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது வெறும் சளியாக இராது. நண்டு, இறால் வேகும் ஆவியிலும், அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது எழும் சாரலிலும் அவற்றின் புரதம் கலந்து மூச்சில் புகுவதால் சிலருக்குத் தொழில்சார் ஆஸ்துமா உண்டாகிறது. ஆவியை மேலே இழுத்து வெளியேற்றும் விசிறி வைப்பதும், வேகவைக்கும் இடத்தை உரிக்கும் இடத்திலிருந்து பிரிப்பதும் முதல் மருந்து. துணி முகக்கவசம் இதற்குப் பெரிதாக உதவாது. ஒவ்வாமை உறுதியானவரை அந்த அறையிலிருந்து மாற்றி, அதே கூலியில் வேறு வேலை கொடுக்க வேண்டும். கூலி குறையும் என்றால் அவர் இருமலை மறைப்பார்.

முதுகு, முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம்?

தரையில் குந்தி உட்கார்ந்து உரிப்பது நமது பழக்கம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஒரு மணி நேரம் குந்துவது பழக்கமாக இருக்கலாம்; ஏழு மணி நேரம் குந்துவது தண்டனை. மேசையின் உயரம் நிற்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே உயரம் அல்லர் என்பதால், குட்டையானவர் ஏறி நிற்க மரப்பலகை போதும். ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கக் கீழே ஒரு கட்டை, சாய்ந்து உட்கார உயரமான முக்காலி ஆகியவை இருந்தால், நிற்பதும் உட்காருவதும் அவரவர் விருப்பப்படி மாறிமாறி நடக்கும்.

சுமையைப் பொறுத்தவரை, மிகச் சாதகமான நிலையிலேயே ஒருவர் தூக்க 23 கிலோவே வரம்பு என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. இறங்குதளத்தில் ஐஸும் மீனும் நிரம்பிய பெட்டியை, ஈரத்தில், வழுக்கும் படியில், குனிந்து தூக்குவது சாதகமான நிலைக்கு எவ்வளவு தூரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைச் சிறியதாக்குங்கள், இருவர் பிடிக்கக் கைப்பிடி வையுங்கள், தள்ளுவண்டிக்குத் தளத்தைச் சமப்படுத்துங்கள். இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று ஒரு கருத்து உலவுகிறது. அது தூக்கும் சுமையைக் குறைப்பதில்லை.

ஐஸ் கம்பெனியில் அம்மோனியா கசிந்தால்?

ஐஸ் கம்பெனிகள் பலவற்றில் குளிரூட்டியாக இருப்பது அம்மோனியா. எட்டு மணி நேர வேலைக்கு 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு, என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. 300 பிபிஎம் உடனடியாக உயிருக்கு ஆபத்தான அளவு. இதன் நல்ல குணம், ஆபத்தான அளவுக்கு முன்பே மூக்கைத் துளைத்துவிடும். கெட்ட குணம், நாள்தோறும் சிறு கசிவிலேயே இருப்பவர்களுக்கு மூக்கு மரத்துப்போய், "இது எப்போதும் உள்ள வாடைதான்" என்று தோன்றிவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் ஒரு துணிக்கொடியைக் கூரையில் கட்டுங்கள். மேற்கிலிருந்து காற்று அடிக்கும் கச்சான் காலத்திலும், வடக்கிலிருந்து அடிக்கும் வாடைக் காலத்திலும் ஓட வேண்டிய திசை வேறு. காற்றுக்குக் குறுக்காக ஓடி, வாயு வரும் வழியிலிருந்து விலக வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், ஆகவே இயந்திர அறைக்கு வெளியே ஒரு குழாய் எப்போதும் வேலை செய்ய வேண்டும். ஈரத்துணியால் மூக்கை மூடுவது தப்பி ஓடும் சில நொடிகளுக்கு மட்டுமே உதவும்; அதைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூட முயலக் கூடாது.

இதோடு சேர்த்து ஒன்று. படகின் அடியில் உள்ள மீன் அறையில் பழைய மீனும் கழிவுநீரும் அழுகிக் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு சேரும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு அதை உணரும் திறனையே இழக்கும். இறங்கியவர் விழுந்ததும், காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் விழுவதே இத்தகைய சாவுகளின் வழக்கமான வடிவம். நெடுநாள் மூடிக்கிடந்த அறையின் மூடியைத் திறந்து காற்றோட விட்டு, மேலே ஒருவர் நிற்க, இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். விழுந்தவரைக் கயிற்றால் மேலே இழுக்க வேண்டும். பின்னால் இறங்கக் கூடாது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகளைத் தயார்செய்யும் நாட்களில் இதை ஒவ்வோர் ஆண்டும் நினைவூட்டுங்கள்.

உப்பளத்தில் கண் எரிச்சல்?

வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் கண்ணைத் தாக்குகிறது. கண்ணில் சதை வளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விளிம்பு அகன்ற தொப்பி மேல்வெயிலைத்தான் தடுக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டும். சாலையோரத்தில் விற்கும் வெறும் கருப்புக் கண்ணாடி கண்பாப்பாவை விரியச்செய்து, கதிரை மேலும் உள்ளே விடும்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு நான் உரிமையாளர் என்ற முறையில் என்ன செய்ய வேண்டும்?

பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாட்டால், போகும் நாளில் முடிந்தவரை பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு. ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் உறங்காமல் வலை இழுத்தவரின் கை, வலைக்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சில் சிக்குவது தற்செயலன்று. இருவர் உறங்க இருவர் பார்க்கும் முறையை ஓட்டுநரோடு பேசி உறுதிசெய்யுங்கள். இயந்திரத்துக்கு அருகே படுப்பவருக்குக் காதடைப்பான் கொடுங்கள்.

இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைக் கடலுக்குப் போகும் நாளில் விட்டுவிடும் வழக்கம் மிகுதி. நீர் புகாத டப்பாவில் ஒவ்வொருவர் பெயரோடும் இரண்டு நாள் மாத்திரையைப் படகிலேயே வையுங்கள். திருக்கை முள்ளோ கெளிற்று முள்ளோ குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகைக்கு மிகாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி தணியும். வெந்நீரின் சூட்டைக் காயமில்லாத கையால் பார்க்க வேண்டும், ஏனெனில் குத்துப்பட்ட கைக்குச் சூடு தெரியாது. கரை சேர்ந்ததும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் உடனே கரைக்குத் திரும்புங்கள்.

முழு உடற்பரிசோதனைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம். ஆண்டில் அப்போதுதான் எல்லோரும் ஒருசேரக் கரையில் இருக்கிறார்கள்.

பாசி எடுக்கும் பெண்களுக்கு முதலாளியே இல்லையே. அவர்கள் நலனுக்கு யார் பொறுப்பு?

மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசிகளை எடுக்கக் கடலில் மூழ்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையில் கீறல் படாமல் பிடுங்குகிறார்கள். சட்டப்படி அவர்கள் யாருக்கும் பணியாளர் அல்லர். ஆனால் அந்தப் பாசியை எடைபோட்டு வாங்கும் ஒருவர் உண்டு. அவர் வாடியில் நல்ல தண்ணீரும், உடை மாற்ற மறைவிடமும், முதலுதவிப் பெட்டியும் இருக்கலாம். பாதத்துக்கு ரப்பர் அடியுள்ள காலணி, ஓட்டையில்லாத முகக்கண்ணாடி ஆகியவற்றை முன்பணமாக அன்றி அன்பளிப்பாகக் கொடுத்த வியாபாரி ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் பாசி குறைவதே இல்லை.

பரிசோதனைக்கு அரசு உதவி கிடைக்குமா?

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2024இல் பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மேல்சிகிச்சைக்கு, 2022இல் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் பொருந்தும் நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்காக உரிமையாளர் 3.25 விழுக்காடும் பணியாளர் 0.75 விழுக்காடும் செலுத்த வேண்டும். புகையிலையை விட விரும்புவோர் 1800-112-356 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். மன உளைச்சலுக்கு 14416.

ஒரு நிபந்தனை: பரிசோதனை முடிவு தொழிலாளியின் கைக்குத்தான் போக வேண்டும், மேற்பார்வையாளரின் மேசைக்கு அன்று. "சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள்" என்ற அச்சம் ஒருமுறை பரவிவிட்டால், அடுத்த முகாமுக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

சட்டம் என்ன கேட்கிறது?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், 2020இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்சக்தியோடு 20 பேரும், மின்சக்தி இல்லாமல் 40 பேரும் வேலை செய்யும் இடம் அதன்படி தொழிற்சாலை. 50 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, 100 பேர் இருந்தால் உணவகம் என்று அது சொல்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடற்பரிசோதனை என்றும் மத்திய அரசு அறிவித்தது. கடைகளில் நிற்கும் ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இலேயே தன் சட்டத்தைத் திருத்தியது. ராமேஸ்வரத்தின் சங்குக் கடைகளுக்கும் அது பொருந்தும். உங்களிடம் 12 பேர்தான் என்றால் இவற்றில் பல உங்களைக் கட்டுப்படுத்தா. அதனால் பன்னிரண்டு பேரின் தாகம் குறைந்துவிடாது.

யோகா வகுப்பு நடத்தலாமா?

நடத்தலாம். வேலை நேரத்துக்குள், கூலியோடு நடத்துங்கள். வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் நிறுத்திவைத்தால், வீட்டில் உலை வைக்க வேண்டியவருக்கு அது இன்னொரு வேலை.

இவையெல்லாம் பயன் தருகின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். யார் என்ன காரணத்துக்கு விடுப்பு எடுத்தார், யாருக்கு எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் காயம் பட்டது, மாலையில் குடத்தில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியது என்ற மூன்றை மட்டும் தினமும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, பெண்கள் யாரும் இல்லாத நேரத்தில் நீங்களே முடிவுக்கு வராமல், அவர்களில் இருவரை அழைத்து அதைப் படித்துக் காட்டுங்கள். "காயம் எல்லாம் பன்னெண்டுக்கு மேலதான்" என்றோ, "அந்தப் பக்கத்துக் குடம் ஏன் நிறைஞ்சே கிடக்குன்னா, அங்க கெணத்துத் தண்ணிய ஊத்துறாங்க" என்றோ அவர்கள் சொல்வார்கள். எங்கள் கூடத்தில் இரண்டையும் சொன்னார்கள்.